விழுந்தவருக்கு விழுங்குவதும் சிரமமாகலாம்

குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த அம்மம்மாவுக்குச் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. "ஆஸ்பத்திரிச் சாப்பாடு அவவுக்கு ஒத்துவராது" என்று மகள் பிளாஸ்கில் ரசமும் கிண்ணத்தில் சோறுமாக ஓடி வருகிறார். கட்டிலின் மேல் 'நில் பை மௌத்' என்றொரு அட்டை. வாயால் எதுவும் கொடுக்கக் கூடாது என்பது அதன் பொருள். "ஒரு வாய் ரசம்தானே" என்று நமக்குத் தோன்றும். அந்த ஒரு வாய் நுரையீரலுக்குள் போனால் நியூமோனியா வரலாம். முதியவர்களுக்கு அது உயிராபத்தானது.

ஏன் இப்படி?

நாம் விழுங்கும்போது மூச்சுக்குழாயின் வாசல் மூடிக்கொள்ளும். வயது போகப்போக இந்தத் தசைகள் பலம் குறையும். அடிபட்டு வைத்தியசாலையில் இருக்கும்போது வலி மருந்துகளின் மயக்கம், மனக்குழப்பம், படுத்தபடியே இருத்தல், மயக்க மருந்தின்போது தொண்டையில் இட்ட குழாய், கழுத்துப் பட்டி என்பனவும் சேர்ந்துகொள்கின்றன. வீட்டில் மறந்துவிட்ட பொய்ப்பற்களும் ஒரு காரணமாகலாம்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

* சாப்பிடும்போது இருமல், புரையேறுதல்
* குடித்தபின் குரல் கரகரத்தல்
* உணவை வாயிலேயே வைத்திருத்தல்
* காரணம் தெரியாத காய்ச்சல், மெலிவு

சிலருக்கு இருமலே வராமல் உணவு உள்ளே போய்விடும். ஆகவே "இருமவில்லை, பயமில்லை" என்று இருக்க வேண்டாம். சந்தேகமிருந்தால் தாதியிடம் சொல்லுங்கள். விழுங்கும் திறனைப் பரிசோதிப்பவர் பேச்சுச் சிகிச்சையாளரே. நோயாளிக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

எங்கள் உணவும் எண்களும்

பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் 2019 முதல் உணவும் பானமும் 0 முதல் 7 வரை எண்ணிட்டுக் குறிக்கப்படுகின்றன. 0 சாதாரண தண்ணீர். 4 கட்டியில்லாமல் அரைத்தது. 5 ஈரமாக, 4 மில்லிமீற்றருக்கு மேற்படாத துண்டுகளாக நறுக்கியது. 7 வழமையான சாப்பாடு.

ரசம் விட்ட சோறு நோயாளிக்கு இலகுவானது என்று நினைக்கிறோம். உண்மையில் அது கடினமானது. சோறு வாயில் இருக்கும்போதே ரசம் தொண்டைக்கு ஓடிவிடும். புட்டு உதிரும். 4 ஆம் நிலை என்றால் பருப்பையோ பூசணிக்காயையோ ஒட்டாமல், நீர் பிரியாமல் அரைத்துக் கொண்டுபோகலாம். முதலில் தாதியிடம் காட்டுங்கள்.

ஊட்டும்போது

* நன்றாக நிமிர்த்தி இருத்துங்கள். சாப்பிட்டபின் அரை மணி நேரமாவது சாய்க்க வேண்டாம்.
* தூக்கக் கலக்கத்தில் ஊட்ட வேண்டாம்.
* சிறு கரண்டியால், ஒரு வாய் விழுங்கியபின் அடுத்த வாய்.
* பல்லும் நாக்கும் தினமும் சுத்தமாக இருக்கட்டும். வாய்க் கிருமிகள் நுரையீரலுக்குப் போவது குறையும்.
* கேட்காமல் மாத்திரைகளைப் பொடியாக்க வேண்டாம்.

பலருக்கு உடல் தேறும்போது விழுங்குவதும் தேறும். அப்போது மறுபரிசோதனை கேளுங்கள். அதுவரை வெறுங்கையோடு போவதில் குறையில்லை. பக்கத்தில் இருந்து கையைப் பிடித்து நாலு வார்த்தை தமிழில் பேசுவதும் மருந்துதான்.