கணிப்பொறிக் கோப்புகளைப் படியெடுத்துக் காத்தல்

ஓலைச்சுவடியைச் செல்லரிக்கும்; ஈரம் மட்கச் செய்யும். எனினும் பழந்தமிழ் நூல்கள் பல நம் கைக்கு வந்து சேர்ந்துள்ளன. ஏடு சிதைவதற்கு முன்னரே மற்றோர் ஏட்டில் படியெடுத்து வைத்தோர் இருந்தமையே அதற்குக் காரணம். இன்றைய ஆய்வாளரோ தம் ஐந்தாண்டு உழைப்பை ஒரே மடிக்கணினியினுள் வைத்துக்கொண்டு திரிகின்றார். அக்கருவி களவு போயினும் பழுதுறினும் ஆய்வேடும் உடன் போகும். ஆகவே, படியெடுத்து வைக்கத்தக்க கலன் எது, அதற்கு எவ்வளவு செலவிடலாம் என்பன தமிழ் பயில்வோரும் அறிய வேண்டுவனவே.

முதற்கண் கோப்புகளின் அளவை அறிதல் வேண்டும். ஒருங்குறியில் பெருவழக்காய் உள்ள யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் கொள்ளும். 'தமிழ்' என்னும் சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள் உள்ளன. ஆக 15 பைட். அங்ஙனமாயினும் 400 பக்க ஆய்வேட்டின் எழுத்துகள் சில மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். படிமங்களின் நிலை வேறு. ஏ4 தாளொன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வண்ணத்தில் வருடிச் சுருக்காது வைப்பின், அஃது ஏறத்தாழ 26 மெகாபைட் ஆகும். நாற்பது பக்கங்களே ஒரு ஜிகாபைட்டைக் கடந்துவிடும். எழுத்துக் கோப்புகள் மட்டுமே உடையவர்க்குப் பெருங்கலன் வீண்செலவு. சுவடிப் படிமங்களைத் தொகுத்து வைத்திருப்பவர்க்கோ அது தேவை.

பென் டிரைவ் கோப்பைச் சுமந்து செல்வதற்கு உரியது. காத்து வைப்பதற்கு உரியதன்று. எளிதில் தொலைவதும் அதுவே. சில்லுகளால் ஆன எஸ்.எஸ்.டி. விரைவு மிக்கது, அதிர்ச்சியைத் தாங்குவது. ஆயின் விலை மிகுதி. மின்னிணைப்பின்றி ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடப்பின் அதிலுள்ள மின்னூட்டம் கசிந்து செய்தி அழியவும் கூடும். 4.7 ஜிகாபைட் கொள்ளும் டிவிடியில் ஒரு டெராபைட்டை ஏற்ற 213 வட்டுகள் வேண்டும். அவற்றைப் படிக்கும் கருவியும் புதிய மடிக்கணினிகளில் பெரும்பாலும் இல்லை. காந்த நாடா மலிவே. அதனை இயக்கும் கருவியின் விலை பெரிய நூலகங்களுக்கே தகும். எஞ்சியது சுழலும் வன்தட்டு. நூற்றுக்கணக்கான ஜிகாபைட்டுகளைச் சேமிப்போர்க்கு, கொள்ளளவோடு விலையை ஒப்பிடின், இதுவே சிக்கனமானது. கீழே விழாது காத்தல் மட்டும் இன்றியமையாதது.

மலிவு என்றவுடன் ஏமாறுதலும் உண்டு. ஒரு டெராபைட் வன்தட்டின் விலையினும் குறைவாய்ப் பத்து டெராபைட் தருவதாகக் கூறும் கலன் போலியே. கணிப்பொறியில் பெரிய அளவைக் காட்டும். சிறிதளவு எழுதியபின் பழையதன்மேல் புதியதை எழுதி அழிக்கும். எக்கலனையும் வாங்கியவுடன் முழுதும் நிரப்பி, மீண்டும் படித்துப் பார்த்தல் நன்று.

விலையுயர்ந்த கலன் ஒன்றினும் எளிய வன்தட்டு இரண்டு மேலானவை என்பதே என் துணிபு. ஒன்று வீட்டிலும் மற்றொன்று வேறிடத்திலும் இருத்தல் வேண்டும். 1998ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' திரைப்படக் கோப்புகள் தவறான கட்டளையொன்றால் அழிந்தன. காப்புப் படியும் பயன்படவில்லை. குழந்தை பெற்று வீட்டிலிருந்து பணியாற்றிய அலுவலர் ஒருவரின் இல்லக் கணிப்பொறியில் இருந்த படியே படத்தைக் காத்தது. அத்துணைப் பெரிய நிறுவனத்துக்கும் வேறிடத்துப் படியே உதவிற்று.

படியெடுத்து முடிந்ததும் வன்தட்டைக் கழற்றிவிட வேண்டும். 2017ஆம் ஆண்டு மே மாதம் உலகெங்கும் பரவிய 'வானாகிரை' போன்ற நச்சு நிரல்கள் கணிப்பொறியோடு இணைந்திருக்கும் தட்டுகளையும் பூட்டிவிடும்.

இணையச் சேமிப்பு தீ, களவு முதலியவற்றுக்கு அஞ்சாதது. ஆயின் பெரிய இடத்துக்கு வாடகை தொடர்ந்து செலுத்த வேண்டும். நொடிக்கு 10 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் ஒரு டெராபைட் ஏறி முடிய ஒன்பது நாள்களுக்கு மேலாகும். அன்றியும், ஒத்திசைவு முறையில் இங்கே அழித்தது அங்கும் அழியும். அழித்ததை மீட்கும் காலவரம்பை முன்னரே கேட்டறிய வேண்டும். ஆய்வேட்டின் எழுத்துக் கோப்புகளை மட்டும் அங்கே வைத்தல் சிக்கனமாகும்.

தமிழ்த்துறையினர்க்கு மற்றொரு கவலையும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு சிதையாது இருப்பினும், அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் ஆங்கில எழுத்துகளின் குவியலாகவே தோன்றும். படியெடுக்கும்போதே அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, மூலக் கோப்பையும் எழுத்துருவையும் உடன் வைத்தல் வேண்டும்.