கோரைப்பாய் ஊரும் யோகப் பயிற்சியும்

செங்கோட்டையில் திருநெல்வேலி ரயிலேறுவோர் சேரன்மகாதேவியில் இறங்கினால் அருகிலேயே பத்தமடை. பட்டுப்போல் மடியும் கோரைப்பாயால் அவ்வூரை நம் நெசவாள அங்கத்தினர் நன்கறிவர். 1887-இல் அங்குப் பிறந்த குப்புசாமி, மலாயாவில் வைத்தியராகப் பணிபுரிந்து, பின்னர் ரிஷிகேசத்தில் சுவாமி சிவானந்தரானார். 1936-இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார். அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தர் 1969-இல் யோக ஆசிரியர்களுக்கென்றே பயிற்சி வகுப்புத் தொடங்கினார். கற்பது வேறு, கற்பிப்பது வேறு என்று அவர் கண்டார் போலும்.

குழித்தறியில் நாள் முழுதும் முன்குனிந்திருப்பவருக்கும் நாற்று நடுபவருக்கும் இடுப்புவலி புதிதன்று. வலி பொறாது தொழிலையே விடுவோரும் உளர். இத்தகையோரை முதல் நாளிலேயே தலைகீழாக நிற்கச் சொல்லும் ஆசிரியரை நாம் ஒப்போம். சென்னையில் நெடுங்காலம் கற்பித்த கிருஷ்ணமாசாரியார் (1888–1989), ஆளுக்கும் வயதுக்கும் தக்கவாறு ஆசனத்தை மாற்றினார். ஓர் ஆசனத்தின் இறுக்கத்தைச் சமன்செய்ய மாற்று ஆசனமும் வகுத்தார்.

ஒற்றைக்காலில் நிற்கும் விருட்சாசனத்தை எடுத்துக்கொள்வோம். சுவரோரம் நின்று, பார்வையை ஓரிடத்தில் நிறுத்தி, மற்றப் பாதத்தை முதலில் கணுக்காலருகே வைத்தாற் போதும். மூச்சுத் திணறினால் காலை இறக்கிவிட வேண்டும். பாவு மிக இறுகினால் இழை அறும், தளர்ந்தால் துணி கெடும். இதையறிந்தவருக்கு நாம் அதிகம் விளக்க வேண்டுவதில்லை. கற்பிப்பவர் கால் எவ்வளவு உயர்ந்தது என்று பாராமல் மூச்சையே கவனிப்பாராக. கர்ப்பிணிகளையும் இரத்த அழுத்தமுள்ளோரையும் முதலில் வைத்தியரிடம் அனுப்ப அவர் கூசவேண்டியதில்லை.

நின்று செய்யும் ஆசனத்துக்கு வெறுந்தரையே நல்லது. வழவழப்பான பத்தமடைப் பாய் வழுக்கும். காலை ஆகாரத்துக்கு முன், தறியில் இறங்குமுன், கால் மணி நேரம் போதும்.