பத்துப் பேரில் ஒருவன்

திருநீற்றுப் புதன் முதல் பெரிய சனி வரை, ஞாயிறுகளை நீக்கி எண்ணினால் 40 நாட்கள். செபம், நோன்பு, தருமம் மூன்றும் தவக்காலத்துக்கு உரியவை என்று ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறோம். இவ்வாண்டு எங்களுள் சிலர் இனிப்பை விட்டோம். சிலர் காபியை விட்டோம். (காபியை விட்டவர்களின் முகத்தை முதல் வாரத்தில் பார்த்திருக்க வேண்டும்!)

அந்நாட்களில் ஒரு மாலை, கணியம்பாடியிலிருந்து வேலூர் செல்லும் பேருந்தில் விரல்கள் மடங்கிய பெரியவர் ஒருவர் ஏறினார். எங்களருகே ஓரிடம் காலியாக இருந்தது. ஒருவரும் பேசாமலே எங்கள் பைகளை அதன்மேல் வைத்தோம். அவர் நின்றுகொண்டே வந்து பாகாயத்தில் இறங்கினார்.

அவர் இறங்கிய பாகாயத்தில்தான் 'நவஜீவ நிலையம்' தொழுநோயாளருக்காகத் தொடங்கப்பட்டது என்பதைப் பின்னரே அறிந்தோம். அதைத் தொடங்கியவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

தொழுநோயில் விரல்கள் தாமே அழுகி விழுகின்றன என்றே அக்காலத்தில் நம்பினர். அது தவறென்று பிராண்ட் கண்டார். நோய்க்கிருமி நரம்பைத் தாக்குவதால் வலி தெரியாமற் போகிறது. கொதிக்கும் பாத்திரத்தைப் பிடித்தாலும் கை விலகுவதில்லை. புண்ணான காலை ஊன்றியே நடக்கிறார்கள். சிலருடைய விரல்கள் இரவோடு இரவாகக் குறைந்தது ஏன் என்று காவலிருந்து பார்த்தபோது, எலி கடித்தது தெரியவந்ததாம்! உறங்கியவருக்கு வலிக்கவே இல்லை. அதன்பின் நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன. பல்வலிக்கு அழும் நாம், அவ்வலிக்காக நன்றி சொல்ல ஒருநாளும் நினைத்ததில்லை.

நன்றாக இயங்கும் தசையின் நாணை விரலுக்கு மாற்றித் தைத்து, மடங்கிய கைகளை நிமிர்த்தும் சிகிச்சையை 1948 முதல் அவர் செய்தார். கை நேரானது, ஆனால் ஊர் சேர்க்கவில்லை, வேலையும் கிடைக்கவில்லை. கை நன்றாயிருந்ததால் பிச்சைகூடக் குறைந்தது! ஆகவேதான் அந்நிலையத்தில் குடிசைகள் அமைத்து, தச்சுவேலையும் பொம்மை செய்வதும் கற்பித்தார்கள். பிராண்டே இளமையில் தச்சுவேலை பயின்றவர்.

லூக்கா நற்செய்தி 17-ஆம் அதிகாரத்தின் பத்துத் தொழுநோயாளர் இப்போது எங்களுக்கு வேறாகத் தெரிகிறார்கள். இயேசுநாதர் அவர்களைக் குருக்களிடம் போய்க் காட்டச் சொன்னார். குரு பார்த்துச் சுத்தமென்று அறிவித்தாலன்றி, மோசே சட்டப்படி ஊருக்குள் வாழ முடியாது. உடல் நலத்தோடு வீட்டையும் ஊரையும் அவர் திருப்பிக் கொடுத்தார். நன்றி கூறத் திரும்பி வந்தவனோ ஒருவன், அவனும் சமாரியன். மற்ற ஒன்பது பேரைக் குறைகூற எங்களுக்கு மனம் வரவில்லை. எத்தனை நாளாய்ப் பார்க்காத பிள்ளைகளைத் தேடி ஓடினார்களோ!

1981-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்தை, நோயின் வகைக்கேற்ப ஆறு மாதமோ ஓராண்டோ உட்கொண்டால் தொழுநோய் குணமாகிறது. குணமானபின் எஞ்சும் மடங்கிய விரல் பழைய தழும்பு போன்றதே. அதிலிருந்து எவருக்கும் நோய் தொற்றாது. பேருந்தில் இது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பையை எடுத்திருப்போமா என்று எங்களுக்குள் கேட்டுக்கொண்டோம். ஒருத்தி மட்டும் "எடுத்திருக்க மாட்டேன்" என்று உண்மையைச் சொன்னாள்.

அப்பெரியவரை மறுபடி நாங்கள் காணவில்லை. பைகளை இப்போது மடியில் வைத்துக்கொண்டுதான் பாகாயத்தைக் கடக்கிறோம்.