ஐம்பதுக்கு அப்புறம் ஒரு கோப்பை

எங்க ஊர் கச்சிராயபாளையம் பக்கம். வீட்டு மாடியில நின்னா கல்வராயன் மலை தெரியும். கோல்ஃப் மைதானம் மட்டும் எந்தப் பக்கம் திரும்பினாலும் தெரியாது. நான் கோல்ஃப் ஸ்டிக்கைக் கையில தொட்டதே இல்லை. அப்புறம் எதுக்கு இந்தக் கட்டுரைன்னு கேட்டா, காரணம் எங்க அப்பா.

அப்பாவுக்கு 51 வயசு. ஒரு காலத்துல ஊர் வாலிபால் டீம் கேப்டன். இந்தப் பொங்கலுக்கு விளையாட்டுப் போட்டி நடத்தின பசங்ககிட்ட, "நாப்பத்தஞ்சு தாண்டினவங்களுக்குத் தனியா ஒரு மேட்ச் வைங்கப்பா"ன்னு கேட்டார். "உங்களுக்கு மியூசிக்கல் சேர் வைக்கிறோம் மாமா"ன்னு சிரிச்சாங்க. அப்பாவும் சேர்ந்து சிரிச்சார். ஆனா வீட்டுக்கு வந்ததும் ரொம்ப நேரம் பேசல. அந்தக் கூட்டத்துல நின்னு சிரிச்சவன்ல நானும் ஒருத்தன்.

அன்னைக்கு ராத்திரி, வயசானவங்களுக்குத் தனிப் போட்டி எந்த விளையாட்டுல உருப்படியா நடக்குதுன்னு தேட ஆரம்பிச்சேன். தேடித் தேடி வந்து நின்ன இடம், சீனியர் பிஜிஏ சாம்பியன்ஷிப். 50 வயது தாண்டிய புரொஃபஷனல் கோல்ஃப் வீரர்களுக்கான போட்டி. 1937-ல் தொடங்கியது.

முதல்ல கொஞ்சம் கோல்ஃப்

ஒரு ரவுண்டுக்கு 18 ஹோல். யார் குறைவான அடியில் பந்தை எல்லா ஹோலிலும் போட்டு முடிக்கிறாரோ அவரே முன்னிலை. வயசு ஏற ஏற, அடிக்கிற தூரம் குறையும். ஆனால் காற்று எப்படி வீசுது, புல்தரை எந்தப் பக்கம் சரியுது, எப்போ ரிஸ்க் எடுக்கக் கூடாது என்கிற கணக்கெல்லாம் அனுபவத்தில் கூடத்தான் செய்யும். அதனால்தான் சீனியர் ஆட்டம் பார்க்கிற மாதிரி இருக்கு.

1937: அகஸ்டா

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள அகஸ்டா நேஷனல் மைதானத்தில்தான் முதல் போட்டி நடந்தது. மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அதே இடம். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான பாபி ஜோன்ஸ்தான் இடம் கொடுத்தார். இதுல ஒரு வேடிக்கை இருக்கு: ஜோன்ஸ் 1930-ல், 28 வயசிலேயே போட்டி கோல்ஃபில் இருந்து ஓய்வு பெற்றவர்!

முதல் கோப்பையை வென்றவர் ஜாக் ஹட்சிசன். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் பிறந்து அமெரிக்கா போனவர். 1921-ல் பிரிட்டிஷ் ஓபனை ஜெயித்தவர். 1937-ல் அவருக்கு 53 வயது. அதோட விடவில்லை. பத்து வருஷம் கழித்து, 1947-ல், 62 வயதில் மறுபடியும் ஜெயித்தார்.

அகஸ்டாவில் இரண்டு வருஷம்தான். 1939-ல் போட்டியே நடக்கவில்லை. 1940-ல் ஃப்ளோரிடாவுக்கு மாறியது. இரண்டாம் உலகப் போரால் 1943, 1944 இரண்டு வருஷமும் இல்லை. அப்புறம் பல வருஷம், பெரிசா சத்தம் இல்லாமல், பழைய ஆட்டக்காரர்கள் கூடுற இடமாகவே இது ஓடியது.

அந்தச் சத்தமில்லாத காலத்தின் ஹீரோ சாம் ஸ்னீட். 1964-க்கும் 1973-க்கும் நடுவில் ஆறு முறை சாம்பியன். கடைசி முறை அவருக்கு வயது 60. ஜெயித்தது 15 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில்.

டிவி வந்த பிறகு

திருப்பம் வந்தது இன்னொரு போட்டியால். 1978-ல் டெக்சாஸில் 'லெஜண்ட்ஸ் ஆஃப் கோல்ஃப்' என்று பழைய நட்சத்திரங்களை ஜோடி ஜோடியாக ஆடவிட்டு டிவியில் காட்டினார்கள். 1979-ல் அந்தப் போட்டி சமனில் முடிந்து, பிளேஆஃப் ஆறு ஹோல் வரை இழுத்தது. ஜனங்க டிவி முன்னாடியே உட்கார்ந்திருந்தாங்க. அடுத்த வருஷமே, 1980-ல், சீனியர்களுக்கென்று தனி டூர் பிறந்தது.

அதே சமயம் ஆர்னால்ட் பாமருக்கு 50 வயது ஆகியிருந்தது. நம்ம ஊர்ல சொன்னா, ரிட்டயர் ஆன சூப்பர் ஸ்டார் திரும்ப வந்த மாதிரி. 1980 சீனியர் பிஜிஏ கோப்பை அவருக்கே. பிறகு கேரி பிளேயர் மூன்று முறை, ஜாக் நிக்லாஸ் 1991-ல். 2011-ல் டாம் வாட்சன் 61 வயதில் பிளேஆஃபில் ஜெயித்தபோது, ஹட்சிசனுக்குப் பிறகு இந்தக் கோப்பையை வென்ற மிக மூத்தவர் ஆனார்.

இதுல இந்தியா எங்க வருது?

ஆஸ்திரேலியர் பீட்டர் தாம்சன் வழியாக வருது. 1964-ல் டெல்லியில் நடந்த முதல் இந்தியன் ஓபனை வென்றவர் அவர்தான். 1966, 1976-லும் ஜெயித்தார். அதே தாம்சன் 1984 டிசம்பரில் சீனியர் பிஜிஏ சாம்பியன். அடுத்த வருஷம் சீனியர் டூரில் ஒன்பது போட்டிகளை ஜெயித்தார்! 55 வயசு ஆன பிறகு ஒன்பது கோப்பை. நம்ம மில்கா சிங்கின் மகன் ஜீவ் மில்கா சிங்குக்கும் 2021 டிசம்பரில் 50 ஆனது. அவரும் இப்போ சீனியர் ஆட்டக்காரர்.

ஏன் இது நிலைச்சுது?

எனக்குப் புரிந்தவரை மூணு காரணம். ஒண்ணு, வயசுக் கோடு தெளிவு: 50 ஆகலையா, வெளியே நில். ரெண்டு, உள்ளே வந்தபின் சலுகை கிடையாது: சாதாரண சீனியர் போட்டிகள் பெரும்பாலும் 54 ஹோல், இதில் நாலு நாள், 72 ஹோல், பாதியில் கட் வேற. மூணு, நட்சத்திரங்கள் மட்டும் இல்லை: கிளப்புகளில் கோல்ஃப் சொல்லிக்கொடுத்துச் சம்பாதிக்கும் புரொஃபஷனல்களும் தகுதி பெற்று உள்ளே வரலாம். மொத்தத்துல, இது பாவம் பார்த்து வைக்கிற போட்டி இல்லை. நிஜப் போட்டி.

இதைப் படிச்சு முடிச்ச கையோட ஒரு நோட்டுல ரூல்ஸ் எழுதினேன். சித்திரையில ஊர்த் திருவிழா. 45 வயசு தாண்டியிருக்கணும், ஆதார் காட்டணும். மூணு செட். நடுவர் வெளியூர்க்காரர். ஜெயிக்கிற டீமுக்குப் பேர் பொறிச்ச ஷீல்டு. செலவை நானும், அன்னைக்குச் சிரிச்சவங்கள்ல மூணு பேரும் பிரிச்சுக்கிறோம். 12 பேர் வேணும்; இதுவரை 9 பேர் பேர் கொடுத்திருக்காங்க. வெள்ளிமலையில இருந்து ஒருத்தர் பஸ் பிடிச்சு வர்றேன்னு சொல்லியிருக்கார்.

நோட்டை அப்பாகிட்ட காட்டினேன். கண்ணாடியைப் போட்டு முழுசா படிச்சார். பேனா வாங்கி ஒரே ஒரு வரியை அடிச்சார். நெட் உயரத்தைக் கொஞ்சம் குறைக்கலாம்னு நான் எழுதியிருந்த வரி.

"ரெண்டு மீட்டர் நாப்பத்திமூணு. அப்படியே இருக்கட்டும்"ன்னார்.