முதல் ஆளாக வந்தவர்கள் – 9: போர்வை கொடுத்த ஊர்

சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் ஒரு மணி நேரம் எவ்வளவு முக்கியம் என்று சென்ற வாரம் பார்த்தோம். அந்த ஒரு மணி நேரத்தில் ஓடி வருகிறவர்களுக்கு நாம் என்ன திருப்பிச் செய்கிறோம் என்பது இந்த வாரம். நன்றி சொல்வதை ஒழுங்காகச் செய்த ஓர் உதாரணம் நம் நீலகிரியிலேயே இருக்கிறது.

2021 டிசம்பர் 8, புதன்கிழமை. சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து 11.48 மணிக்குக் கிளம்பிய ஹெலிகாப்டர் 12.15 மணிக்கு வெலிங்டனில் இறங்க வேண்டும். 12.08 மணி வாக்கில் தொடர்பு அறுந்துபோனது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர் மனைவி மதுலிகா உட்பட 14 பேர் அதில் இருந்தார்கள்.

குன்னூரை அடுத்த காட்டேரிப் பக்கம் நஞ்சப்பசத்திரம் என்றொரு சிற்றூர். தேயிலைத் தோட்டங்களை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள். பெரிய சத்தம் கேட்டு வெளியே வந்தவர்கள் மரங்களுக்கு நடுவே தீ எரிவதைப் பார்த்தார்கள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொண்டு போகலாம் என்று நிற்கவும் இல்லை.

தீயணைப்பு வண்டி வந்தபோது இன்னொரு சிக்கல். அந்தச் சரிவுக்கு வண்டி போகப் பாதை கிடையாது. வீட்டில் இருந்த குடம், வாளி எல்லாம் வெளியே வந்தன. தீயணைப்பு வீரர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து தண்ணீர் சுமந்து ஊற்றினார்கள். தீக்காயத்தோடு கிடந்தவர்களைத் தூக்க வேண்டும், அதற்கும் கையில் எதுவும் இல்லை. வீட்டுக்குள் ஓடிப் போர்வைகளை எடுத்து வந்தார்கள். டிசம்பர் மாதத்துக் குன்னூர் குளிரை அறிந்தவர்களுக்கு அந்தப் போர்வையின் மதிப்பு தெரியும். கூலி வேலைக்குப் போகிற வீட்டில் ஆளுக்கு ஒன்று இருந்தாலே பெரிது. அன்று ராத்திரி எதைப் போர்த்திக்கொள்வது என்ற யோசனை யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

அத்தனை பேர் ஓடியும் அன்றைக்கே 13 பேர் இறந்தார்கள். உயிரோடு மீண்டவர் குரூப் கேப்டன் வருண் சிங் ஒருவர்தான். வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் சேர்த்து, பிறகு பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் நாடாளுமன்றத்தில் அறிக்கை வாசித்த பாதுகாப்பு அமைச்சர், தீயைப் பார்த்து உள்ளூர் மக்கள் ஓடிப் போனதையும் அதில் சொன்னார். டிசம்பர் 13ஆம் தேதி லெப்டினன்ட் ஜெனரல் ஏ.அருண் தலைமையில் ராணுவ அதிகாரிகள் நஞ்சப்பசத்திரத்துக்கே வந்தார்கள். போர்வைகள், மளிகைப் பொருள்கள், சூரிய விளக்குகள் கொடுத்தார்கள். ஊரை ஓராண்டுக்கு ராணுவம் தத்தெடுக்கும், மாதந்தோறும் மருத்துவரும் செவிலியரும் வந்து பார்ப்பார்கள் என்று அறிவித்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது, கொடுத்த பொருளைவிடக் கொடுத்த விதம். ஊர்க்காரர்களை எங்கோ ஒரு மண்டபத்துக்கு வரவழைத்து, மேடைக்குக் கீழே காக்க வைத்து, பொன்னாடை போர்த்தி அனுப்பவில்லை. வாசலுக்கு வந்தார்கள். போர்வை கொடுத்தவர்களுக்குப் போர்வை கொண்டுவந்தார்கள். மலைச்சரிவில் இருக்கிற ஊருக்கு மருத்துவர் வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தச் சம்பவத்தையே எடுத்தேன். அதிகாரிகள் ஊருக்கு வந்த அன்று வருண் சிங் பெங்களூரில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். 15ஆம் தேதி அவரும் காலமானார். ஆக, ஊரே ஓடியும் கடைசியில் ஒருவரைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. ராணுவம் முடிவைப் பார்த்து நன்றி சொல்லவில்லை, ஓடி வந்ததற்கு நன்றி சொன்னது.

நம்மில் எத்தனை பேர் அப்படி? பிழைத்தால் டாக்டருக்கும் குலதெய்வத்துக்கும் நன்றி. இறந்துவிட்டால் முதல் வசவு ஆம்புலன்ஸ்காரருக்கு. “லேட்டா வந்தீங்களே” என்ற ஒரு வார்த்தையைக் கேட்காத 108 ஊழியர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார்.

108 வண்டியில் இரண்டே பேர். ஓட்டுநரைப் பைலட் என்பார்கள். பின்னால் நோயாளியோடு இருப்பவர் அவசரகால மருத்துவ உதவியாளர். ஓடுகிற வண்டியில் கழுத்துக்குப் பட்டை போடுவதும், ஆக்சிஜன் வைப்பதும், ரத்தப்போக்கை அமுக்கிப் பிடிப்பதும், வழியிலேயே பிரசவம் பார்ப்பதும் அவர் ஒருவர்தான். மருத்துவமனை வந்ததும் நோயாளியை ஒப்படைத்து, விவரங்களை எழுதிக் கையெழுத்து வாங்குகிறார். அத்தோடு நோயாளிக்கும் அவருக்கும் தொடர்பு முடிந்தது. எந்த அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாசலிலும் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். உள்ளே உறவினர்கள் அழுதுகொண்டிருப்பார்கள். வெளியே பைலட் பின்கதவைத் திறந்து வைத்து, தரையில் கிடக்கும் ரத்தத்தைக் கழுவிவிட்டுக்கொண்டிருப்பார். ஈரம் காய்வதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிடும்.

சற்றுமுன் தூக்கி வந்தவர் பிழைத்தாரா என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. அடுத்த முறை வரும்போது வார்டு ஊழியரிடம் இவர்களாக விசாரித்தால்தான் உண்டு.

தமிழ்நாட்டில் 108 சேவை தொடங்கியது 2008 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில். அதே அண்ணா பிறந்த நாளையொட்டித்தான் ஆண்டுதோறும் காவல்துறை, தீயணைப்புத் துறை போன்ற சீருடைப் பணியாளர்களுக்கு முதலமைச்சரின் அண்ணா பதக்கங்கள் அறிவிக்கப்படுகின்றன. 108 ஊழியர்கள் அந்த வரிசையில் இல்லை. அரசுக்காக ஒரு நிறுவனம் நடத்தும் சேவையில் வேலை செய்கிறவர்கள் என்பதால் அரசு ஊழியர் கணக்கில் அவர்கள் வருவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு நம் வீட்டு மாடிப்படியில் ஸ்ட்ரெச்சரைச் சுமந்து இறங்குகிறவர்களுக்கும் ஒரு பதக்கம் இருக்கலாம். அரசு இதை யோசிக்க வேண்டும்.

தீயணைப்புத் துறைக்கு ஒரு நாள் இருக்கிறது, ஏப்ரல் 14. 1944இல் அதே தேதியில் பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில் நின்றிருந்த ‘ஃபோர்ட் ஸ்டிகீன்’ என்ற கப்பலில் தீப்பிடித்தது. அடுக்கடுக்காகப் பஞ்சு மூட்டைகள், கூடவே வெடிமருந்து. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்களில் 66 பேர் கப்பல் வெடித்ததில் மாண்டார்கள். நாடு முழுவதும் தீயணைப்பு நிலையங்களில் அன்று காலை அவர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். நம் ஊர் நிலையத்திலும் நடக்கும். ஆனால் சித்திரை முதல் நாளும் அம்பேத்கர் பிறந்த நாளும் அதே தேதியையொட்டி வருவதால் பொதுமக்கள் யாரும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. மரியாதை செய்கிறவர்களும் அவர்களே, பார்க்கிறவர்களும் அவர்களே.

மதுரைக்காரர்களுக்கு 2020 தீபாவளி நேரம் நினைவிருக்கும். விளக்குத்தூண் பக்கம் பழைய கட்டடத்தில் இருந்த ஜவுளிக்கடையில் தீ. அணைத்துக்கொண்டிருந்தபோது கட்டடம் இடிந்து விழுந்து இரண்டு வீரர்கள் இறந்துபோனார்கள். ஊரே தீபாவளிக்குத் தயாரான இரவில் வீட்டுக்குப் போகாமல் நிலையத்தில் இருந்தவர்கள் அவர்கள்.

ஓடி வருகிற இவர்களுக்கு நன்றி சொல்ல நினைத்தால் பணம் கொடுக்க வேண்டாம். அது அவர்களைச் சங்கடத்தில் மாட்டிவிடும். எழுதிக் கொடுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, வண்டி எண் என்ன, என்ன செய்தார்கள் என்று ஒரு பக்கம் எழுதி தீயணைப்பு நிலைய அலுவலரிடம் கொடுத்து, மாவட்ட அலுவலருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். 108 என்றால் அந்தச் சேவையின் மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பலாம். வாய்வார்த்தை காற்றோடு போகும், எழுத்து அவர்களுடைய மேலதிகாரியின் மேசைக்குப் போகும்.

சைரன் கேட்டதும் ஒதுங்கி வழிவிடுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதம் என்று 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி எழுத வேண்டிவந்ததே நமக்கு வெட்கம்.

உங்கள் வீட்டில் ஒருவரை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பி, அவர் பிழைத்து வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்றால், அவரையே அழைத்துக்கொண்டு அந்த வண்டி நிற்கும் இடத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். ஒருவேளை அவர் திரும்பி வரவில்லை என்றாலும் போங்கள். துக்கத்தில் கடுஞ்சொல் ஏதாவது சொல்லியிருந்தால், அதையும் பேசிவிட்டு வாருங்கள். உங்கள் பகுதி 108 வண்டி எங்கே நிற்கிறது என்று பக்கத்து அரசு மருத்துவமனையில் கேட்டால் சொல்வார்கள்.

(தொடரும்)