பொன்மலைச் சங்கத் திடல்

ஊர் என்று ஒன்றிருந்தால் அதற்கு ஒரு கோயிலும் குளமும் ஆலமரத்தடியும் இருக்கும். மாலை வேளையில் அங்கே கூடியிருந்து நல்லது கெட்டது பேசுவது நம் மக்களின் வழக்கம். ஆனால், இருப்புப்பாதைக்கென்றே எழுந்த ஊரில் மக்கள் எங்கே கூடுவார்கள்? திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலையில் பிள்ளைப் பருவத்தைக் கழித்தவன் நான். அவ்வூரின் பொதுவிடம் ஒன்றைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

தென்னிந்திய ரயில்வேயின் பெரிய பட்டறை முன்பு நாகப்பட்டினத்தில் இருந்தது. 1928-ஆம் ஆண்டை ஒட்டி அது பொன்மலைக்குப் பெயர்ந்தது. பட்டறை பெயர்ந்தால் அதில் உழைப்பவரும் பெயரத்தானே வேண்டும்? தகரப் பெட்டியும் பாய்ச்சுருளுமாக அவ்வாறு வந்து சேர்ந்தவர்களில் என் பாட்டனாரும் ஒருவர். இந்த மாற்றத்தோடு ஆட்குறைப்பும் வரும் என்ற அச்சம் தொழிலாளரை வாட்டிற்று. 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வேயில் மூண்ட பெரும் வேலைநிறுத்தத்திற்கு அதுவே முதற்காரணம். அதன் பொருட்டுச் சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சிறை புகுந்தனர்.

பொன்மலையில் பட்டறைச் சங்கு ஊதினால்தான் பொழுது விடியும். வீடுகள் யாவும் ரயில்வேக்குச் சொந்தம். உத்தியோகத்தின் தரம் எதுவோ அதுவே வீட்டின் அளவு. வேலை உள்ளவரை வீடு உண்டு. ஓய்வு பெற்றால் சாவியை ஒப்படைத்துவிட வேண்டும். முப்பது ஆண்டுகள் விளக்கேற்றிய வீடாயினும் அதைத் தன் வீடென்று எவரும் சொல்லிக்கொள்ள முடியாது. பல ஊர்களிலிருந்து வந்து, பல மொழி பேசி வாழ்ந்த அம்மக்களுக்குத் தம்முடையது என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம் தேவைப்பட்டது. அதுவே சங்கத் திடல்.

நான் அறிந்த திடலில் கட்டடச் சிறப்பு எதுவும் இல்லை, வெறும் மண்தரைதான். மாலைச் சங்கு ஊதியபின் எண்ணெய்க் கறை படிந்த உடையோடு ஆட்கள் வந்து அமர்வார்கள். எழுத்தறிந்த ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிப்பார். கணவனை இழந்த பெண்ணுக்குச் சேமநிதி கிடைக்க மற்றொருவர் மனு எழுதித் தருவார். யார் மகளுக்குத் திருமணம், யாருக்கு மாற்றல் என்பன எல்லாம் அங்கே தெரிந்துவிடும். கூட்டம் நடக்கும் நாளில் சிறுவர்களாகிய நாங்கள் முன்வரிசை மண்ணில் இடம் பிடித்துக்கொள்வோம். பேச்சு விளங்காவிட்டாலும் எழுந்து போக மனம் வராது.

இத்திடலுக்கு ஒரு துயர வரலாறும் உண்டு. 1946-ஆம் ஆண்டில் தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்திருந்தனர். செப்டம்பர் 5-ஆம் நாள் மலபார் சிறப்புப் போலீசார் இங்கே துப்பாக்கிச் சூடு நடத்தினர். தொழிலாளர் ஐவர் உயிர் நீத்தனர். ஆண்டுதோறும் அந்நாளில் மக்கள் திடலில் கூடி அவர்களுக்கு அஞ்சலி செலுத்தி வருகிறார்கள்.

அன்று என் பாட்டனார் காய்ச்சலால் படுத்திருந்தார். அது அவரைக் காப்பாற்றியது என்று பாட்டி சொல்லுவாள். அவரோ அதைக் கேட்டு ஒருநாளும் மகிழ்ந்ததில்லை. ஒவ்வொரு செப்டம்பர் ஐந்தாம் நாளும் என் கையைப் பிடித்துத் திடலுக்கு அழைத்துச் செல்வார். மேடை ஏறமாட்டார், கூட்டத்தின் ஓரத்தில், தோள்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்பார். “உட்காருங்கள், தாத்தா” என்றால், “நிற்கிறேனப்பா” என்பார். அவ்வளவுதான்.

1963-இல் அவர் ஓய்வு பெற்றார். சாவியைக் கொடுத்துவிட்டு, வெளியே வாடகைக்கு ஒரு வீடு பார்த்துக்கொண்டோம். பாட்டி கண் கலங்கினாள். சாமான்களை இறக்கிவைத்ததும் பாட்டனார் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்.

“இந்த நேரத்தில் எங்கே?” என்று பாட்டி கேட்டாள்.

“வீட்டைத்தானே திருப்பிக் கொடுத்தோம்? திடல் நம்முடையதுதானே!” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

பத்திரம் எழுதிப் பெறுவது மட்டும் உரிமையன்று. கூடியிருந்து வாழ்ந்தும், இழந்தவரை மறவாதிருந்தும் பெறுகின்ற உரிமையும் ஒன்றுண்டு. அதை எனக்குக் கற்பித்த பள்ளிக்கூடம் அந்த மண்தரையே.