பத்தடி அறையும் பன்னிரண்டங்குல முழக்கமும்

ஒலியை விலைக்கு வாங்கப் புறப்படுகிறவன் முதலில் தன் வீட்டை அளந்து பார்த்தல் வேண்டும். இவ்வுண்மையை நான் காலங்கடந்தே கற்றேன்.

கொட்டகலையிலே, தேயிலைத் தோட்டத்து லயமொன்றில் பிறந்தவன் நான். எங்கள் காம்பரா 12 அடி நீளம், 10 அடி அகலம். காமன் கூத்தில் தந்தையார் தப்படித்துப் பாடியதை ஒலிநாடா ஒன்றில் பதிந்து வைத்திருந்தோம். அவர் மறைந்த பின், அக்குரலை நன்றாகக் கேட்கும் ஆவலால், நானும் அண்ணன் மகனும் அட்டன் பட்டணத்துக்குச் சென்று, 12 அங்குலச் சப்வூஃபரோடு கூடிய ஸ்பீக்கர்களை வாங்கி வந்தோம். கடையில் அது இடியென முழங்கியது, நாங்கள் மயங்கினோம். வீட்டிலோ, தப்பின் அடிகள் தனித்து நில்லாமல் ஒரே இரைச்சலாய்க் குழம்பின. தந்தையின் குரல் அதனுள் அமிழ்ந்து போயிற்று.

மறுநாள் அடுத்த காம்பராச் சிறுமி வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, பாட்டுக் கேக்கலை, இடி மட்டுந்தான் கேக்குது. அக்காவுக்குப் பரீட்சை வருது."

குழந்தை சொன்னது அறிவியலுக்கு முற்றும் பொருந்துவதே. உயர்ந்த சுரங்களைச் சுவர் பெரிதும் தடுத்துவிடும். தாழ்ந்த ஒலியோ சுவரை ஊடுருவிச் செல்லும்.

எங்கள் அறையினுள் நேர்ந்த குழப்பத்துக்கும் காரணம் உண்டு. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 28 அடி. அத்தகைய பெரிய அலைகள் சிறிய அறைக்குள் அடங்குவதில்லை. 12 அடி இடைவெளியுள்ள சுவர்களுக்கிடையே 47 ஹெர்ட்ஸ் அளவிலும், 10 அடிக்கிடையே 56 ஹெர்ட்ஸ் அளவிலும் ஒலி மோதி மீண்டு பெருகுகிறது. மூலையில் வைத்தால் முழக்கம் இன்னும் மிகும். நாங்கள் வைத்ததோ மூலையில்தான்!

ரைஸ், கெலாக் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் இருவர் இன்றைய ஸ்பீக்கருக்கு அடிகோலியது 1925ஆம் ஆண்டில். கொழும்பில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். கருவி எவ்வளவோ வளர்ந்துவிட்டது. அறையின் இயல்பு மாறவில்லை.

கடைக்காரர் பெருந்தன்மையோடு மாற்றித் தந்தார். இம்முறை நாடாவின் பிரதியைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு சென்றோம். முழக்கத்தைக் கேளாமல், குரலைக் கேட்டோம். 5 அங்குலக் கூம்புடைய சிறு பெட்டிகள் இரண்டே போதுமென்று தெரிந்தது.

வாங்க எண்ணும் அன்பர்களுக்குச் சில சொல்வேன். வாட் கணக்கைக் கண்டு மயங்க வேண்டாம். அதனை இருமடங்காக்கினாலும் ஒலி 3 டெசிபல்தான் உயரும். பெட்டிகளைச் சுவரிலிருந்து சற்று விலக்கி வையுங்கள். பெரிய கூடம் உடையோர் சப்வூஃபரை வாங்கலாம். அதற்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை மட்டும் ஒதுக்கினாற் போதும். அதனை நீங்கள் அமரும் இடத்தில் வைத்து இசைக்கவிட்டு, அறையைச் சுற்றி நடந்து பாருங்கள். எங்கே தாழ்ந்த சுரங்கள் சமனாகக் கேட்கின்றனவோ, அங்கே அதனை நிறுத்துங்கள்.

இப்போது தப்பின் அடிகளுக்கு நடுவே தந்தையார் மூச்சு வாங்குவதும் கேட்கிறது. பரீட்சை முடிந்த மாலையில் அடுத்த காம்பராவார் எல்லோரும் வந்து அமர்ந்தனர். அக்காளும் தங்கையும் முன்வரிசையில் இருந்தனர். ஒலியைக் கூட்டும்படி ஒருவரும் கேட்கவில்லை.